பந்தியில் எழுந்த கேள்வி: கிரியையால் அல்ல, விசுவாசத்தால் வாழ்வது என்றால் என்ன?

"கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல." சபைக்குப் புதிதாக வருகிறவர் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் வாக்கியம் இது. கூடவே வேறு சிலவும் காதில் விழும். ஜெபக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை, உபவாசம் எத்தனை நாள் இருந்தீர்கள், காணிக்கைக் கவர் வாங்கிக்கொண்டீர்களா? இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறவர் குழம்பிப்போவதில் வியப்பில்லை. இலவசமாகக் கிடைத்தது என்கிறார்கள். பிறகு எதற்கு இந்த வருகைப் பதிவு?

இந்த உபதேசத்தைத் தனி ஒருவரின் மனசுக்குள் நடக்கும் சங்கதியாக மட்டும் பார்க்கும்வரை இந்தக் குழப்பம் தீராது. அது எழுந்ததே ஒரு சாப்பாட்டுப் பந்தியில்தான். அங்கிருந்து தொடங்கினால் பாதி முடிச்சு தானே அவிழும்.

பேதுரு இடம் மாறி உட்கார்ந்தார்

சம்பவம் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தில், 2:11–14இல் இருக்கிறது. அந்தியோகியா சபையில் யூதரும் புறஜாதியாரும் (யூதரல்லாதவரும்) கலந்திருந்தார்கள். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிடுவது அன்றைய யூதர் பலருக்குக் கூடாத காரியம். இயேசுவின் சீடர் பேதுரு அதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராயிருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள்; பர்னபாகூட அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார்.

பேதுரு தன் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையையும் மாற்றியதாக அங்கே இல்லை. உட்காரும் இடத்தைத்தான் மாற்றினார். ஆனால் அடுத்த பந்தியில் தனியே விடப்பட்ட புறஜாதியாருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேறு: கிறிஸ்து உங்களை ஏற்றுக்கொண்டது சரி, எங்களோடு உட்கார வேண்டுமென்றால் விருத்தசேதனமும் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் யூத அடையாளம்) உணவு விதியும் சேர வேண்டும். இந்தச் சண்டையைச் சொல்லி முடித்த கையோடு, 2:16இல், பவுல் அந்த வாக்கியத்தை எழுதுகிறார். மனிதன் நியாயப்பிரமாணத்தின் (மோசே வழி வந்த யூதச் சட்டத்தின்) கிரியைகளினால் அல்ல, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்.

இதே பிரச்சினைக்காகத்தான் கி.பி. 49ஐ ஒட்டி எருசலேமில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது (அப்போஸ்தலர் 15). புறஜாதியாருக்கு விருத்தசேதனம் கட்டாயமில்லை என்று அங்கே முடிவானது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள். இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார வழிசெய்வதே இதன் நோக்கம் என்று விளக்குவோர் பலர்.

ஆகவே ஒரு சபை இந்த உபதேசத்தை எவ்வளவு நம்புகிறது என்று தெரிந்துகொள்ள அதன் விசுவாச அறிக்கையை வாசித்தால் மட்டும் போதாது. அங்கே யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நான்கு சொற்கள், நான்கு குழிகள்

புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் சொற்களில்தான்.

விசுவாசம். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பிஸ்டிஸ். ஒன்றை உண்மை என்று ஒப்புக்கொள்வது, ஒருவர்மேல் சாய்ந்து நம்புவது, அவருக்கு உண்மையாயிருப்பது என மூன்று நிழல்களும் அதில் உண்டு. பேச்சுத் தமிழ் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. "அவர் முதலாளிக்கு விசுவாசமானவர்" என்று சொல்லும்போது கடைசிப் பொருளில்தானே சொல்கிறோம்? வெறும் ஒப்புதல் மட்டும் விசுவாசம் ஆகாது. தேவன் ஒருவர் உண்டென்று "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்கிறது யாக்கோபு 2:19.

இதில் ஒரு மொழிபெயர்ப்புக் குழியும் இருக்கிறது. புராட்டஸ்டண்டு சபைகள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13இன் மூன்று சொற்கள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. 'நம்பிக்கை' ஒன்றில் இரண்டாவது இடத்திலும் மற்றொன்றில் முதல் இடத்திலும் நிற்கிறது. இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் குழுவில் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அரை மணி நேரம் வெவ்வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கிரியை. சாவுச் சடங்கு என்ற வழக்கை இங்கே மறந்துவிடுங்கள். செயல் என்பதே பொருள். பவுல் பெரும்பாலும் சொல்வது "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்". தேவனிடம் தகுதி சேர்ப்பதற்காக மனிதன் செய்யும் எல்லா நற்செயலையும் இது குறிக்கும் என்பது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வழிவந்த வாசிப்பு. விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் என, யூதரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களைத்தான் முதன்மையாகக் குறிக்கும் என்பது இன்னொரு வாசிப்பு. புதிய ஏற்பாட்டு அறிஞர் இ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இந்த விவாதம் வலுத்தது. அன்றைய யூத சமயம் "புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்கும்" சமயமாக இருக்கவில்லை, உடன்படிக்கையின் கிருபையில் தொடங்குவதாகவே அது தன்னை எண்ணியது என்று அவர் காட்டினார். பிரசங்கங்களில் யூதர்களைக் கேலிச்சித்திரமாக வரைவதை நிறுத்திக்கொள்ள இது போதுமான காரணம். ஆனால் எந்த வாசிப்பை எடுத்தாலும் ஒரு விஷயம் மாறுவதில்லை. கிறிஸ்துவுக்கு மேலாக இன்னொரு நுழைவுச்சீட்டு கேட்கக் கூடாது.

நீதிமானாக்கப்படுதல். இது நீதிமன்றத்துச் சொல். நீதிபதி ஒருவரைப் பார்த்து "இவர்மேல் குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொல்வது. பொது மொழிபெயர்ப்பில் இது 'ஏற்புடையவராதல்' என்று வரும். தீர்ப்பு வந்த அன்றே ஆள் திருந்தி முடித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. திருந்தி வளர்வதற்குப் பரிசுத்தமாகுதல் என்று தனிப் பெயர் உண்டு. அது ஆயுள் முழுக்க நடக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான மனவேதனைக்கு வேர். "இந்த வாரம் கோபப்பட்டுவிட்டேன், அதனால் நான் தேவனுடைய பிள்ளை இல்லை" என்கிறவர், வளர்ச்சி அட்டையைத் தீர்ப்புத் தாளாக வாசிக்கிறார்.

கிருபை. தகுதி பாராமல் கொடுக்கப்படும் தயவு. கத்தோலிக்க வழக்கில் அருள். இதை ரோமர் 4:4 கூலியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. வேலை செய்தவனுக்கு வருகிற கூலி கிருபை என்று எண்ணப்படாது, கடன் என்றே எண்ணப்படும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் முதலாளியின் தயவைப் புகழ்ந்து பாடுவதில்லை.

இங்கே பவுல் ஆபிரகாமை எடுத்துக்காட்டாக்கும் விதம் ஒரு தேதி வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ருசிக்கும். ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15:6. அதற்குப் பிறகுதான் 16ஆம் அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கிறான். அப்போது ஆபிரகாமுக்கு வயது 86. விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில், 99ஆம் வயதில். அதாவது தீர்ப்புக்கும் அடையாளத்துக்கும் இடையே குறைந்தது 13 ஆண்டுகள். நியாயப்பிரமாணமோ 430 ஆண்டுகள் கழித்து வந்தது என்கிறது கலாத்தியர் 3:17. பின்னால் வந்தது முன்னால் கிடைத்ததற்கு விலையாக இருக்க முடியாது. வாதம் அவ்வளவுதான்.

யாக்கோபு எதிர்க்கட்சியா?

"விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்" என்கிறது யாக்கோபு 2:17. போதாக்குறைக்கு, 'விசுவாசத்தினாலே மாத்திரம்' என்ற தொடர் வேதாகமத்தில் வரும் ஒரே இடமான யாக்கோபு 2:24 அதை மறுக்கத்தான் செய்கிறது. லூத்தர் 1522இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது ரோமர் 3:28இல் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அந்தச் சொல் இல்லை. பொருளைத் தெளிவாக்கவே சேர்த்தேன் என்பது அவர் வாதம்.

இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். உள்ளே வர என்ன கொடுக்க வேண்டும் என்பது பவுலின் கேள்வி, ஒன்றுமில்லை என்கிறார். உள்ளே இருப்பதாகச் சொல்கிறவனிடம் உயிர் இருக்கிறதா என்பது யாக்கோபின் கேள்வி. அசைகிறதா பார் என்கிறார். ஆபிரகாமை இருவரும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் முக்கியமாக நிற்பது ஆதியாகமம் 15இல். யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்கு, ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாளுக்குப் போய், அங்கிருந்து 15:6ஐத் திரும்பிப் பார்க்கிறார். பவுலும் இதை மறுக்கவில்லை. "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியர் 5:6 முடிக்கிறது. எபேசியர் 2:8–9ஐ மனப்பாடம் செய்கிற பலர் 10ஆம் வசனத்தைத் தவறவிடுகிறார்கள். நற்கிரியைகளுக்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அது சொல்கிறது. கிரியை இருக்கிறது. கதவுக்கு வெளியே விலையாக இல்லை, உள்ளே கனியாக இருக்கிறது.

யாக்கோபின் அந்த அதிகாரம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? மீண்டும் உட்காரும் இடத்தில். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல ஆசனம், அழுக்கு உடுப்புக்காரருக்கு "அங்கே நில்லு" (2:1–4). பவுலும் யாக்கோபும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தோம். இருவரும் கையை நீட்டிக் காட்டுவது ஒரே தவறை.

சபைப் பிரிவுகள் இதில் நிற்கும் இடம்

சுருக்கமாகவே சொல்லலாம். மனிதன் கிருபையின் உதவியில்லாமலே நல்லவனாகலாம் என்று விளக்கிய பெலேகியுவின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. 1517 அக்டோபர் 31இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 95 கருத்துரைகளை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த புராட்டஸ்டண்டு மரபு, நீதிமானாக்கப்படுவதைத் தீர்ப்பாகப் பார்க்கிறது. கத்தோலிக்க மரபில் அது தீர்ப்போடு சேர்ந்த உள்மாற்றமும்கூட. கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13இல் வெளியிட்ட ஆவணம் இதை வரையறுத்தது. கிருபையில்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்பதை அந்த ஆவணத்தின் முதல் விதியே தள்ளுகிறது என்பதைப் புராட்டஸ்டண்டுகள் பலர் அறிவதில்லை. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் நீதிமன்ற மொழியை அதிகம் பயன்படுத்துவதில்லை. தேவனுடைய வாழ்வில் பங்குபெறுதல் என்றே பேசும்.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் மையம். மெதடிஸ்ட் சபைகள் 2006இலும் சீர்திருத்த சபைகள் 2017இலும் அதில் இணைந்தன. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் "அவர்கள் கிரியைக்காரர்கள், நாங்கள் கிருபைக்காரர்கள்" என்று பக்கத்துச் சபையைச் சுட்டுவது இன்று அவ்வளவு எளிதில்லை. அந்தச் சுட்டலே ஒருவகைப் பெருமைபாராட்டல்தான்.

கணக்குப் புத்தகம் உள்ளே நுழையும் வழிகள்

ஆதிச் சபையின் வாழ்க்கையை அப்போஸ்தலர் 2:42 நான்கு சொல்லில் வைக்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இரண்டாவதற்குக் கிரேக்கத்தில் கொய்னோனியா. வேறு இடங்களில் ஐக்கியம் என்று மொழிபெயர்க்கப்படும். ஒரு பொருளில் பலர் பங்காளிகளாயிருப்பது என்பது அதன் அடிப்படை. நண்பர் குழாம் ஒத்த ரசனையால் சேரும். ஐக்கியத்தில், கூலி வாங்காமல் ஒரே கொடையைப் பெற்றவர்கள் சேருகிறார்கள். பக்கத்தில் இருப்பவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதில்தான் அதன் கஷ்டமும் இருக்கிறது.

எந்தச் சபையும் "இன்றிலிருந்து கிரியையால் வாழ்வோம்" என்று தீர்மானம் போடுவதில்லை. கணக்கு சத்தமில்லாமல் நுழைகிறது. அது வழக்கமாக வரும் வாசல்கள் இவை.

திருவிருந்து. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான் (1 கொரிந்தியர் 11:21). பவுல் சொன்ன தீர்வு மிகச் சாதாரணமானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (11:33). "அபாத்திரமாய்" பானம்பண்ணக் கூடாது என்ற 27ஆம் வசனத்தை இந்தச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து, "இந்த வாரம் பாவம் செய்தவர்கள் எழுந்து போங்கள்" என்று வாசிப்பது பரவலான தவறு. அப்படி வாசித்தால் மிகவும் தேவையுள்ளவர் வெளியே போவார். தன்மேல் திருப்தியுள்ளவர் உள்ளே இருப்பார். தன்னைச் சோதித்தறிவது வேண்டும்தான். ஆனால் வசனம் சொல்வது, சோதித்தறிந்து 'புசித்து', 'பானம்பண்ணக்கடவன்' என்று. விலகிப்போகச் சொல்லவில்லை.

காணிக்கை. பழைய ஏற்பாட்டில் தசமபாகம் (பத்தில் ஒன்று கொடுப்பது) சட்டம். புதிய ஏற்பாட்டில் பவுல் சபைகளுக்குக் கொடுத்தலைப் பற்றி விரிவாக எழுதும் இடங்களில் (1 கொரிந்தியர் 16, 2 கொரிந்தியர் 8–9) பத்தில் ஒன்று என்ற அளவு வருவதில்லை. அங்கே இருப்பவை வேறு: வாரத்தின் முதல் நாளில் எடுத்துவைத்தல், வரவுக்குத் தக்கபடி கொடுத்தல், "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" மனதில் நியமித்தபடி கொடுத்தல், ஒருவர் மிகுதி மற்றவர் குறைவைத் தீர்த்துச் சமநிலையாதல். பத்து விழுக்காட்டை ஒரு நல்ல பயிற்சி அளவாக வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். அதை ஆசீர்வாதத்தின் விலையாக அறிவித்த அன்று ரோமர் 4:4இன் கூலிக் கணக்கு வந்து உட்கார்ந்துவிடும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வாசிப்பது, பலகையில் எழுதுவது, கொடுப்பவரைப் பார்த்துப் பதவி தருவது எல்லாம் பொன்மோதிரத்துக்கு ஆசனம் போடும் வேலை.

பணத்தைக் கையாளுவதில் மட்டும் கணக்கு கறாராக இருக்க வேண்டும். எருசலேமுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோக பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார். யாரும் குறைசொல்ல இடம் வைக்காதபடிக்கு என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:16–22). இன்றைக்கு அதன் நடைமுறை இதுதான். உறவினரல்லாத இருவராவது ஒன்றாக எண்ண வேண்டும், அன்றே தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும், எண்ணுகிறவரே செலவு செய்கிறவராக இருக்கக் கூடாது, ஆண்டுக் கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும்.

ஊழியப் பட்டியல். பாடகர் குழு, சிறுவர் வகுப்பு, வரவேற்பு, சுத்தம்செய்தல் என்று எந்தச் சபையிலும் ஆள் பற்றாக்குறைதான். முதலில் "முடியுமா" என்று கேட்கப்படும் ஒருவர், மூன்றாம் ஆண்டில் ஐந்து பொறுப்பைச் சுமந்துகொண்டிருப்பார். அவருடைய வாயிலிருந்து ஒருநாள் கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த குமாரனின் வசனம் வரும்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." லூக்கா 15இல் அந்த மகன் கெட்டு அலையவில்லை, வீட்டிலேயே உழைத்தவன். ஆனாலும் விருந்துக்குள் வராமல் வெளியே நின்றான். தகப்பன் அவனை வருந்தி அழைத்ததற்குப் பிறகு அவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லாமலே நின்றுவிடுகிறது.

தடுக்க வழி எளிது, பின்பற்றுவதுதான் கடினம். ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலேயே முடிவுத் தேதி. ஆண்டில் சில வாரம் எந்த வேலையும் இல்லாமல் வெறுமனே வந்து உட்காரும் விடுப்பு. 'இல்லை' என்று சொன்னவரிடம் காரணம் கேட்காதிருத்தல். சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இவர் நாளைக்கே எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட்டால் அடுத்த வாரமும் யாராவது அவரை வீட்டில் போய்ப் பார்ப்பார்களா?

சாட்சி நேரம். வேலை கிடைத்தது, சுகம் கிடைத்தது என்று வெற்றிகள் மட்டும் மேடையேறினால், கிடைக்காதவர்கள் தங்களிடம் ஏதோ குறை என்று முடிவுகட்டுவார்கள். இன்னும் பதில் வராத ஜெபத்தையும் சொல்ல இடம் வையுங்கள்.

நாள், உணவு, உடை. ரோமர் 14 இதற்கென்றே எழுதப்பட்டது. ஒருவர் எல்லாம் புசிக்கிறார், ஒருவர் மரக்கறி மட்டும். ஒருவர் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறார், ஒருவர் எண்ணவில்லை. புசிக்கிறவர் மற்றவரை அற்பமாக எண்ணக் கூடாது. புசியாதவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. தடை இரு பக்கமும் இருப்பதைப் பாருங்கள். "நாங்கள் சுதந்தரர்" என்ற மிதப்பும் ஒரு தகுதிச் சீட்டாகிவிடும்.

தவறு செய்தவரை என்ன செய்வது?

கிருபை என்றால் கண்டுகொள்ளாதிருப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. பவுலையே அப்படிக் குற்றஞ்சாட்டினார்கள் (ரோமர் 3:8). கிருபை பெருகும்படிக்குப் பாவத்தில் நிலைநிற்கலாமா என்று ரோமர் 6 தொடங்கி, கூடாதே என்று அடுத்த மூச்சில் மறுக்கிறது.

தனிப்பட்ட குற்றத்துக்கு மத்தேயு 18:15–17 தரும் படிகள் மூன்று. முதலில் தனியாகப் போய் அவரிடமே பேசுவது. கேளாவிட்டால் ஒருவர் அல்லது இருவரை அழைத்துப்போவது. அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல்வது. கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் படியில்தான். சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசிவிட்டு, "ஜெபக் குறிப்புக்காகச் சொல்கிறேன்" என்று ஒரு சால்வையைப் போர்த்திவிடுவார்கள். மனந்திரும்பியவரை மன்னித்து ஆறுதல்படுத்துங்கள், அவர் துக்கத்தில் அமிழ்ந்துபோகக் கூடாது என்று 2 கொரிந்தியர் 2:6–8 சொல்கிறது. இந்தத் திரும்ப அழைக்கும் படியைப் பல சபைகள் மறந்தேபோகின்றன.

இங்கே ஒரு எல்லைக்கோடு. சிறுவர்மீதான பாலியல் கொடுமை, வீட்டு வன்முறை, உயிருக்கு ஆபத்து ஆகியவற்றுக்கு இந்த மூன்று படிகள் பொருந்தாது. பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் போய்ப் பேசச் சொல்வது அவரை மீண்டும் ஆபத்தில் தள்ளுவதாகும். முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காவல்துறைக்கோ உரிய அதிகாரிகளுக்கோ அறிவிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பொறுப்பிலிருந்து உடனே விலக்க வேண்டும். "மன்னித்துவிடு, கிருபை" என்ற சொல்லால் இதை மூடுவது சுவிசேஷம் ஆகாது. தீர்ப்புக்கு முன் நிற்கிற பாவியை தேவன் ஏற்றுக்கொள்வது வேறு, அவரிடம் சிறுவர் வகுப்புச் சாவியைத் திரும்பக் கொடுப்பது வேறு.

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது யாக்கோபு 5:16. இதைச் செய்துபார்க்க விரும்பும் புதியவர்கள் பெரிய கூட்டத்தில் தொடங்க வேண்டாம். ஒரே பாலினத்தவர் இரண்டு மூன்று பேர், வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும். கேட்டது வெளியே போகாது என்ற உறுதியும், மேலே சொன்ன ஆபத்துகள் மட்டும் அதற்கு விலக்கு என்பதும் முதல் நாளே பேசப்பட வேண்டும். ஒருவர் சொன்னதும் உடனே ஆலோசனை கொட்டக் கூடாது. மன்னிப்பின் வாக்குத்தத்தம் ஒன்றை (1 யோவான் 1:9 போல) வாசித்து, ஜெபித்து, அடுத்தவருக்கு நகர வேண்டும். இந்தக் குழுக்கள் கெடுவது இரண்டு விதம். எல்லாரும் "சோர்வாயிருந்தேன்" போன்ற கௌரவமான பாவங்களை மட்டும் சொல்வது ஒன்று. ஒருவர் மற்றவரின் மேற்பார்வையாளராகி மதிப்பெண் போடத் தொடங்குவது மற்றொன்று.

தனி மனிதனின் வாரம்

வாசிக்கத் தொடங்க ரோமரை முதலிலிருந்து எடுக்காதீர்கள்; 16 அதிகாரம், மூச்சு வாங்கும். கலாத்தியர் ஆறே அதிகாரம். ஒரே அமர்வில் அரை மணி நேரத்தில் முடியும். அடுத்து ரோமர் 3:21 முதல் 4ஆம் அதிகார முடிவுவரை. பிறகு எபேசியர் 2:1–10, யாக்கோபு 2, கடைசியில் லூக்கா 18:9–14. ஆலயத்தில் ஜெபிக்கும் இருவரைப் பற்றிய அந்த உவமையில் பரிசேயன் (சட்டத்தைக் கறாராகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவினன்) பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வாரத்தில் இரண்டு முறை உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம், எல்லாம் உண்மையாகவே செய்தவை. மற்றவன், வரி வசூலிக்கும் ஆயக்காரன்; அவனிடம் காட்ட ஒன்றுமில்லை. "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரு வரிதான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பியவன் அவன்.

நாம் எந்தக் கணக்கில் வாழ்கிறோம் என்று அறிய நல்ல அளவுகோல், தவறு செய்த மறுநாள். ஜெபிக்க எவ்வளவு நேரம் தயங்குகிறீர்கள்? இரண்டு நாள் நல்லபடியாக நடந்துகொண்டு "முகத்தைக் காட்டும் தகுதி" வந்தபின் ஜெபிக்கிறவர் வாயால் கிருபை என்று சொன்னாலும் கூலிக் கணக்கில்தான் இருக்கிறார். மருந்து, காத்திராமல் அன்றே அறிக்கையிட்டுத் திரும்புவது. தவறியது இன்னொருவருக்கு எதிராக என்றால் அவரிடமும் போக வேண்டும். பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது மன்னிப்பை வாங்குவதற்கு அல்ல. வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றது (லூக்கா 19), இயேசு அவன் வீட்டில் தங்க வந்த பிறகுதான்.

ஜெபம், உபவாசம், வேதவாசிப்பு எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. சாப்பாடு யாருக்கும் சாதனை ஆகாது, ஆனால் சாப்பிடாவிட்டால் மெலிந்துபோவோம். இவையும் அப்படித்தான்.

கடைசியாக, மிகவும் நுட்பமான குழி: விசுவாசத்தையே ஒரு கிரியையாக்குவது. நோயாளியின் தலைமாட்டில் நின்று "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்பவர்கள் செய்வது இதுதான். இனி அந்த மனிதர் சுகவீனத்தோடு, தன் விசுவாசத்தை அளந்துபார்க்கும் வேலையையும் சுமக்க வேண்டும். 'மாம்சத்தில் ஒரு முள்' என்று பவுல் சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்தது (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவிலே விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). எங்கும் விசுவாசக் குறை என்று யாரும் தீர்ப்பெழுதவில்லை. விசுவாசத்தின் பலம் அதன் அளவில் இல்லை, அது பற்றியிருப்பவரிடம் இருக்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பாதி விசுவாசத்தோடு கதறிய தகப்பனின் பிள்ளை சுகமானான் (மாற்கு 9:24).

ஜெபிக்கவே முடியாத நாட்களில் ஒருவருக்குச் சபை எதற்கு என்றால், மாற்கு 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திமிர்வாதக்காரன் (உடல் முடங்கியவன்) ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்கிறது 5ஆம் வசனம். படுக்கையில் கிடந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதாகவும் அங்கே எழுதியிருக்கவில்லை.